டாசியாவின் மெழுகுப் பலகைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேரரசர் டிராஜன் டாசியாவை (இன்றைய ருமேனியப் பகுதி) வென்ற கதையைச் செதுக்கிய, ரோமில் உள்ள டிராஜன் தூண் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். போர்க் காட்சிகளை விரிவாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் கி.பி. 106இல் டாசியா ரோம மாகாணம் ஆனதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது? டாசியர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று எங்கோ படித்தேன், அது உண்மையா? எல்லை மாகாணம் என்றால் கோட்டையும் படையும்தானா? சாதாரண ஜனங்கள் அங்கே இருந்தார்களா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டாசியாவைப் பற்றி நான் பேச விரும்புவதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்றைய ருமேனியாவின் டிரான்சில்வேனியா மலைப்பகுதியில் ரோசியா மொன்தானா என்று ஓர் ஊர். ரோமர் காலத்தில் அதற்கு அல்பர்னஸ் மையோர் என்று பெயர். தங்கச் சுரங்க ஊர். 1786 முதல் 1855 வரை அங்கே பழைய சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களுக்கு மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்தன. மெழுகின் மேல் எழுத்தாணியால் கீறி எழுதப்பட்ட கடன் பத்திரங்கள், கூலி ஒப்பந்தங்கள், விற்பனைப் பத்திரங்கள். எல்லாம் 131க்கும் 167க்கும் இடைப்பட்டவை. டிராஜன் தூணில் ஏறத்தாழ 2,600 உருவங்கள் இருக்கின்றன. டாசியா எப்படிப்பட்ட நாடாக வாழ்ந்தது என்பதை அவை அத்தனையும் சேர்ந்து சொல்வதைவிட இந்தப் பலகைகள் அதிகம் சொல்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

164 மே 20ஆம் தேதி ஒப்பந்தம் ஒன்றைப் பாருங்கள். அஸ்க்ளேபியஸின் மகன் மெமியஸ், ஆரேலியஸ் அட்யூட்டோர் என்பவரிடம் தங்கச் சுரங்க வேலைக்குச் சேர்கிறான். நவம்பர் 13 வரை வேலை. கூலி 70 தெனாரியஸ் (ரோமர்களின் வெள்ளிக் காசு), அதோடு சாப்பாடு. மெமியஸ் கைநாட்டு, அவனுக்காக இன்னொருவர் எழுதித் தருகிறார். முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலையை விட்டால் நாளொன்றுக்கு 5 செஸ்டர்ஸ் அபராதம். ஒரு தெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ். கணக்குப் போட்டால் அவனுடைய நாள் கூலி இரண்டு செஸ்டர்ஸுக்கும் குறைவு! அதாவது ஒரு நாள் நின்றால் மூன்று நாள் கூலி போய்விடும். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து வேலை தடைபட்டால் அதற்கும் கூலியில் கழிவு உண்டு. ஆனால் கெடு முடிந்தும் முதலாளி கூலியைத் தராமல் இழுத்தடித்தால், மூன்று நாள் தவணைக்குப் பின் அவரும் அதே அபராதத்தைக் கட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாள், முதலாளியைக் கட்டுப்படுத்தும் ஒரு வரியைப் பத்திரத்தில் பெற்றிருக்கிறான். ரோமச் சட்டம் எல்லைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு எந்தக் கோட்டையையும்விட இதுவே எனக்குப் பெரிய சாட்சி.

அதே சட்டத்தின் இன்னொரு முகமும் அங்கேயே இருக்கிறது. 139 மார்ச் 17 அன்று பாசியா என்ற சிறுமி விற்கப்படுகிறாள். வயது ஏறக்குறைய ஆறு. விலை 205 தெனாரியஸ். ஆரோக்கியமானவள், திருட்டுக் குற்றம் இல்லாதவள், ஓடிப்போகிறவள் அல்ல என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். ஆறு வயதுக் குழந்தைக்கு! இந்தப் பத்திரத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

விற்றவருடைய பெயரும் வாங்கியவருடைய தந்தையின் பெயரும் பால்கனின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இல்லிரியப் பெயர்கள். சுரங்கத் தொழில் தெரிந்த மக்களைக் ஆட்ரியாடிக் கடலோர மாகாணமான டால்மேஷியாவிலிருந்து கொண்டுவந்து ரோம் இங்கே குடியமர்த்தியது. சிரியாவிலிருந்தும் ஆசியா மைனரிலிருந்தும்கூட ஆட்கள் டாசியாவுக்கு வந்தார்கள். எனவே சாதாரண ஜனங்கள் இருந்தார்களா என்றால், நிறைய இருந்தார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் வந்தேறிகள்.

சரி, டாசியர்கள் எங்கே போனார்கள்? நீங்கள் படித்த செய்தியின் மூலம் நான்காம் நூற்றாண்டில் ரோம வரலாற்றாசிரியர் யூட்ரோபியஸ் எழுதிய வரி. நீண்ட போரில் டாசியாவின் ஆண்கள் தீர்ந்துபோனார்கள், ஆகவே டிராஜன் பேரரசு முழுவதிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்தான் என்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாகாண காலத்துக் கிராமங்களில் டாசியர்களின் கையால் வனைந்த மண்பாண்டங்கள் தொடர்ந்து கிடைக்கின்றன. டாசிய இளைஞர்கள் ரோமப் படைக்கு எடுக்கப்பட்டுத் தொலைதூரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரிட்டனில் ரோமர்களின் எல்லைச் சுவரான ஹாட்ரியன் சுவரின் பேர்டோஸ்வால்ட் கோட்டையைக் காத்தது ஒரு டாசியப் படைப்பிரிவு. எகிப்தின் கிழக்குப் பாலைவனக் காவல் நிலையங்களில் கிடைத்த பானையோட்டுக் குறிப்புகளிலும் டாசியப் பெயர்கள் உள்ளன. முசிறியின் மிளகு செங்கடல் துறைமுகங்களில் இறங்கி நைல் நதிக்குப் போனதும் அந்தப் பாலைவன வழிகளில்தான்.

அழிந்தது மேல்தட்டு. மன்னன் டெசிபாலஸ் பிடிபடுமுன் தற்கொலை செய்துகொண்டான், அவன் தலைநகரம் இடிக்கப்பட்டது, பிரபுக்களும் பூசாரிகளும் காணாமல் போனார்கள். பிரிட்டனில் சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தை ரோமத் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து வணங்கினார்கள். டாசியக் கல்வெட்டுகளில் அப்படி உறுதியாகச் சொல்லக்கூடிய உள்ளூர்த் தெய்வம் ஒன்றுகூட இல்லை. கோயில் கட்டவும் கல்லில் பெயர் பொறிக்கவும் வசதியுள்ளவர்கள் அந்த மக்களிடையே மிஞ்சவில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். இன்றைய ருமேனியர்கள் இவர்களுடைய வாரிசுகளா என்பதில் ருமேனிய, ஹங்கேரிய அறிஞர்களிடையே பெரிய சண்டை உண்டு. நவீன அரசியல் அதில் ஏகத்துக்கும் கலந்திருப்பதால் இங்கே அதற்குள் நான் போகவில்லை.

மாகாணத்தின் முடிவு பற்றி ஒன்று. 167 பிப்ரவரி 9 தேதியிட்ட ஓர் அறிவிப்பு அல்பர்னஸில் கிடைத்திருக்கிறது. உறுப்பினர்களின் ஈமச் செலவுக்காக நடந்த ஒரு சங்கம் கலைக்கப்படுகிறது. 54 பேரில் ஊரில் மிஞ்சியது 17 பேர். இரு தலைவர்களில் ஒருவர் தேர்வான நாளிலிருந்து ஊர்ப் பக்கமே வரவில்லை. பெட்டியில் காசு இல்லை. இனி யாராவது இறந்தால் சங்கத்திடம் எதையும் கேட்க உரிமை இல்லை என்று ஊரறிய எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது டான்யூப் எல்லை முழுவதும் ஜெர்மானியப் பழங்குடிகளோடு ரோம் நடத்திய மார்கோமன்னிப் போர்கள் தொடங்கிக்கொண்டிருந்தன. பலகைகளைச் சுரங்கத்துக்குள் ஒளித்துவைத்தவர்கள் அதே ஆண்டு ஓடிப்போனவர்கள் என்பது பரவலான கருத்து. பேரரசர் ஆரேலியன் 270களில் படையையும் குடியேறியவர்களையும் டான்யூபுக்குத் தெற்கே அழைத்துக்கொண்டு, அங்கே புதிதாக ஒரு டாசியா மாகாணத்தை அமைத்தார்.

அப்புறம், ரோசியா மொன்தானாவின் ரோமச் சுரங்கப் பாதைகள் நம் காலத்திலேயே அழியவிருந்தன. மலையை வெட்டித் திறந்தவெளிச் சுரங்கம் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2013இல் ருமேனிய நகரங்களில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், கூடவே ஆபத்தில் உள்ள சின்னமாகவும் அறிவித்தது. நீங்கள் ருமேனியா போக நேர்ந்தால் எந்தக் கோட்டையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சுரங்கங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.