மட்டக்களப்பிலிருந்து போட்டிக் களத்துக்கு: கோல்ஃப் கேள்வி பதில்

கொழும்பில் வேலை பார்த்த பதினைந்து வருடமும் அமெச்சூர் போட்டிகள் ஆடியவன் நான். இப்போது கல்லடியில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

களுவாஞ்சிக்குடி: என் ஹண்டிகேப் 9. போட்டி என்றால் மட்டும் ஒரு சுற்றுக்கு 90 அடி வந்துவிடுகிறது. ஏன் அண்ணன்?

தம்பி, ஹண்டிகேப் என்பது மைதானத்தின் பாருக்கு (அதை முடிக்க வைத்திருக்கும் அடிக்கணக்கு) மேல் நீங்கள் ஏறக்குறைய எத்தனை அடி எடுப்பீர்கள் என்று காட்டும் எண். 2020 முதல் உள்ள உலக முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8ஐ எடுத்துத்தான் சராசரி பார்க்கிறார்கள். மற்ற 12 நாளும் கணக்கிலேயே இல்லை. ஆகவே 9 என்பது உங்கள் நல்ல நாளின் எண். பார் 72 மைதானத்தில் 84, 85 வந்தால் அதுதான் உங்கள் வழக்கமான ஆட்டம். போட்டியில் வெல்கிறவர்களின் கெட்ட நாள்கூட அவ்வளவு கெட்டதாக இருக்காது. நீங்கள் திருத்த வேண்டியதும் அந்த நாளைத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு போட்டியின் கடைசித் துளைகளில் பந்து மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு இடைவெளி தெரிந்தது. 6ஆம் இரும்பு என்கிற கிளப்பை எடுத்து அடித்தேன். பந்து மரத்தில் பட்டு எனக்குப் பின்னால் விழுந்தது. அந்தத் துளையை முடிக்க 8 தடவை அடித்தேன். வெட்ஜால் (கிட்டத்துக்கு அடிக்கும் கிளப்) பக்கவாட்டில் வெளியே தட்டியிருந்தால் 5இல் முடித்திருப்பேன்.

இன்னொன்று. நண்பர்களோடு ஆடும்போது இரண்டடித் தூரப் பந்தை "சரி, எடு" என்று எடுக்காதீர்கள். துளைக்குள் விழும் சத்தம் கேட்கும்வரை அடியுங்கள்.

ஏறாவூர்: இங்கே மைதானம் இல்லையே?

திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் மைதானம் இருக்கிறது. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் போவதைவிட அது கிட்ட. கிழமை நாட்களில் முற்றத்தில் ஒரு வலை, ஒரு பாய் போதும். கச்சான் காற்று வீசும் நாளில் பயிற்சியை விடாதீர்கள். காற்றுக்குள் பந்தைத் தாழ்வாக அனுப்பப் பழகக் கிடைக்கும் நாள் அது.

வாழைச்சேனை: பந்து தூரம் போக எந்த டிரைவர் கிளப் வாங்கலாம்?

இருப்பதை வைத்து ஆடுங்கள்.

அக்கரைப்பற்று: பட்டிங்தான் (பந்தைத் துளைக்குள் உருட்டித் தட்டுவது) எல்லாம் என்று என் பயிற்சியாளர் சொல்கிறார். நாளுக்கு இரண்டு மணி நேரம் அதையே செய்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் அளந்த அடிகளை வைத்து ஆராய்ந்தார். முதல் வரிசை ஆட்டக்காரரை மற்றவரிடமிருந்து அதிகம் பிரித்துக் காட்டுவது துளை இருக்கும் புல்தரையான கிரீனை நோக்கி அடிக்கும் அடிதான் என்று கண்டார். எட்டடித் தூரத்துப் பந்தைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதித் தடவைதான் துளைக்குள் போடுகிறார்கள். இரண்டு மணியில் அரை மணியை பட்டிங்குக்கு வையுங்கள், மீதியை 7ஆம் இரும்புக்கும் வெட்ஜுக்கும் கொடுங்கள்.

களுவாஞ்சிக்குடி (மறுபடியும்): அப்படியென்றால் இரண்டடிப் பந்துக்கு ஏன் அவ்வளவு சொன்னீர்கள்?

நல்ல கேள்வி. எட்டடி தவறினால் கவலைப்படாதீர்கள். இரண்டடி தவறவே கூடாது. மூன்றடித் தூரத்தில் தொடர்ந்து 20 போடுங்கள். 19ஆவது தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அந்த 19ஆவது பந்துக்கு நிற்கும்போது கை நடுங்கும் பாருங்கள், போட்டியில் வரும் நடுக்கமும் அதுதான்.

அக்கரைப்பற்று (மறுபடியும்): பயிற்சியாளரிடம் இதைச் சொன்னால் கோபிப்பார்.

சொல்ல வேண்டாம். பத்துச் சுற்றுக்கு ஒவ்வொரு அடியும் எங்கே வீணானது என்று கொப்பியில் குறித்து அவரிடமே காட்டுங்கள்.

கல்முனை: எந்த டிரைவர் நல்லது அண்ணன்?

வாழைச்சேனைக்குச் சொன்னதுதான். பையில் 14 கிளப்புக்கு மேல் வைத்து ஆடினால் தண்டம், அதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆரையம்பதி: மணிக்கட்டு நோகிறது.

வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை கிளப்பைத் தொடாதீர்கள்.

செங்கலடி: மகளுக்கு 13 வயது, அடுத்த மாதம் முதல் போட்டி. என்ன சொல்லி அனுப்ப?

அவளுக்கு என் வாழ்த்து, அக்கா. பந்தைத் தேட 3 நிமிடம்தான், விதிப்படி பந்தைக் கையால் விழுத்த வேண்டி வந்தால் முழங்கால் உயரத்திலிருந்து. இரண்டும் 2019இல் மாறிய விதிகள். ஒவ்வொரு பந்தையும் துளைக்குள் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் அடிகளைக் குறித்த அட்டையைத் துளை துளையாகப் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஒரு துளையில் அடித்ததைவிடக் குறைந்த எண் இருந்து ஒப்பமிட்டுக் கொடுத்தால் தகுதிநீக்கம்.