அசெட்டோ கோர்சாவில் பழைய போர்ஷே 917 மோடைப் புதுப்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிற தம்பிக்கு. அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸ் கேமுக்கு எப்போதோ யாரோ செய்த 917 மோட் (போர்ஷேயின் பழைய ரேஸ் காரை கேமில் சேர்க்கிற கோப்புகள்), நேர் ரோட்டில் 300 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஆடுகிறது, திருப்பத்தில் மட்டும் இன்றைய ஜிடி3 ரேஸ் கார் மாதிரி ஒட்டிக்கொண்டு போகிறது, பெயின்டிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பெயின்ட் கடைசி. முதலில் அது எந்த வருஷத்துக் கார் என்று முடிவு பண்ணுங்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி (கம்ப்யூட்டர் வழி உலோகம் வெட்டும்) மெஷின் ஓட்டுகிறவன். டிராயிங்கில் ரிவிஷன் நம்பர் பார்க்காமல் மெஷினை ஓட விட்டால் எங்கள் சூப்பர்வைசர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். 917 விஷயத்திலும் ரிவிஷன்தான் முக்கியம். 1969-இல் வந்த கார் வேகம் எடுத்தால் நிலைகொள்ளாது, ஓட்டுநர்களே அதில் ஏறத் தயங்கினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் ஆஸ்திரியாவில் டெஸ்ட் நடந்தபோது ஜான் வையர் ரேஸ் அணியின் எஞ்சினியர் ஜான் ஹார்ஸ்மன் கவனித்தது இதுதான்: முன்பக்கமெல்லாம் பூச்சி அடிபட்டு ஒட்டியிருக்கிறது, வால் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் காற்று வாலைத் தொடவே இல்லை! அங்கேயே அலுமினியத் தகட்டை வெட்டி ரிவெட் அடித்து வாலை மேலே தூக்கினார்கள், 917கே அதிலிருந்து வந்ததுதான். 1970-இல் ஹெர்மனும் ஆட்வுட்டும் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஜெயித்தது அந்த உடம்பில், 4.5 லிட்டர் எஞ்சினோடு. எஞ்சின் அப்புறம் 4.9, 5 லிட்டர் என்று வளர்ந்தது.

நான் திறந்து பார்த்த பழைய மோட்களில் இதையெல்லாம் குழப்பி வைத்திருந்தார்கள். உருவம் 917கே, ஏரோ எண்கள் (காற்று காரை எப்படி அழுத்துகிறது, தூக்குகிறது என்பவை) 1969 காரைப் போல, பவர் மட்டும் 5 லிட்டருடையது. உங்கள் கார் ஆடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஏரோ கோப்பில் பின் விங்கின் லிஃப்ட் எண்களைப் பாருங்கள், ஆனால் ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள், முன்னும் பின்னும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் கார் திரும்பவே மறுக்கும்.

திருப்பத்தில் ஒட்டுவதற்குக் காரணம் டயர். யாரோ நவீன ஸ்லிக்கின் (வரிப்பள்ளம் இல்லாத ரேஸ் டயர்) எண்களை அப்படியே ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து கிராஸ்பிளை டயர் (உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகிற வகை) இன்னும் அதிகக் கோணத்தில் சறுக்கிய பிறகுதான் முழுப் பிடியைத் தரும், ஆகவே ஃப்ரிக்‌ஷன் லிமிட் ஆங்கிளை (முழுப் பிடி வருகிற சறுக்கல் கோணம்) ஏற்றி, மொத்தப் பிடியைக் குறையுங்கள். டயர் கோப்பின் வெர்ஷன் 10-க்குக் கீழே இருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாகவே எழுதுவது நல்லது, வெப்பமும் தேய்மானமும் சரியாக வராமல் நீண்ட ரேஸ் ஓட்டுவதில் என்ன இருக்கிறது? எடையையும் பாருங்கள். கார் சுமார் 800 கிலோதான், ஆனால் இந்த கேமில் மொத்த எடை என்பது ஓட்டுநரையும் சேர்த்து, பெட்ரோல் இல்லாமல். டேங்க் 120 லிட்டர், நிரப்பினால் கிட்டத்தட்ட 90 கிலோ ஏறும். நிறைந்த டேங்கில் ஒரு சுற்று, காலியாகப் போகிற நேரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஃபோல்டர் பெயரை மாற்றப் போகிறீர்கள் என்றால் (மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் பழைய மோட் ஓடுகிற சர்வரில், கோப்புகள் ஒன்றேதானா என்று பார்க்கிற செக்சம் இடிக்கும்) அதற்கு முன்பே காரின் எண்களெல்லாம் அடைத்து வைத்த டேட்டா கோப்பைக் கன்டென்ட் மேனேஜரில் (இந்த கேமின் கார்களையெல்லாம் நிர்வகிக்கிற தனி மென்பொருள்) பிரித்துவிடுங்கள். அந்தக் கோப்பின் பூட்டே ஃபோல்டர் பெயரை வைத்துத்தான், பெயர் மாறினால் திறக்காது. சவுண்ட் பேங்கின் (காரின் சத்தக் கோப்பு) பெயரையும், அந்தச் சத்தங்களின் அடையாள எண்கள் இருக்கிற ஜியுஐடி கோப்பில் வரும் பெயர்களையும் கூடவே மாற்றுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு சிலிண்டர் கார் சத்தமே இல்லாமல் போகும்.

டேட்டாவைப் பிரிக்க முடியாதபடி மோடைச் செய்தவர் பூட்டியிருந்தால் உடைக்கப் பார்க்காமல் அவருக்கே எழுதிக் கேளுங்கள். வெளியே பகிர்வதற்கும் அவருடைய அனுமதி வேண்டும், வீட்டில் நீங்கள் மட்டும் ஓட்டுவதற்கு யாரும் கேட்கப் போவதில்லை.