ஓட்டின் நுனி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆழ்கடல் நத்தைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். உயிருள்ள விலங்கைக் காணாமல், சேற்றோடு வந்த வெற்று ஓட்டை வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அறிவிப்பது சோம்பேறித்தனம் அல்லவா? மரபணுச் சோதனை வந்துவிட்ட காலத்தில் ஓட்டை விவரிப்பதால் என்ன பயன்? லத்தீன் பெயர்களை எப்படி உச்சரிப்பது? என் மகள் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். கடலே இல்லாத இந்த மலையில் இருந்துகொண்டு அவள் நத்தைகளை ஆராய முடியுமா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

உச்சரிப்பை விட்டுவிடுங்கள், எழுத்து பிழையில்லாமல் இருந்தால் போதும். மகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் சோம்பேறித்தனம் என்று எழுதினீர்களே, அதை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. ஓர் ஓட்டைக் கையில் எடுத்து அரை மணி நேரம் பார்த்த எவரும் அப்படி எழுத மாட்டார்கள்.

சாலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் திரட்டிய நத்தைகளை ராபர்ட் பூக் வாட்சன் 1886 இல் பெருநூலாக விவரித்தார். நம் வங்காள விரிகுடாவில் இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலாய்வுக் கப்பலின் இழுவலை அள்ளியவற்றை எட்கர் ஸ்மித் விவரித்தார். இருவருக்கும் பெரும்பாலும் கிடைத்தவை ஓடுகள்தாம். அந்த ஓடுகளில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள்.

நுனியைப் பார்த்தார்கள். நத்தை தன் பழைய ஓட்டைக் களைந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வதில்லை. குஞ்சுப் பருவத்து ஓட்டின் விளிம்பிலேயே வாழ்நாள் முழுதும் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து வளர்கிறது. அதனால், அரிக்கப்படாமல் தப்பிய நுனியில், மணல் துகள் அளவே உள்ள அந்தக் குஞ்சு ஓடு அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் வைத்தால் அது முடிந்து முதிர்ந்த ஓடு தொடங்கும் இடம் ஒரு கோடாகத் தெரியும். அதுவரை வழவழப்பாக இருந்த பரப்பில் அந்தக் கோட்டைத் தாண்டியதும் விலாக்கள் எழும்புவதுண்டு. குஞ்சு ஓடு குறுகலாக, மூன்று நான்கு சுற்றுகளோடு இருந்தால், அந்தக் குஞ்சு நீரில் மிதந்து, நுண்ணுயிர்களைத் தின்று, நெடுந்தூரம் அலைந்து வளர்ந்தது என்று கொள்ளலாம். ஒன்றரைச் சுற்றிலேயே பருத்த குமிழாக முடிந்திருந்தால், முட்டையின் கருவுணவை மட்டும் நம்பி வளர்ந்தது. தாய் எப்படி முட்டையிட்டது, பிள்ளைகள் எவ்வளவு தூரம் பரவ முடிந்தது என்பதையெல்லாம் விலங்கு இறந்த பிறகும் அந்தச் சிறு முனை சொல்கிறது. இதை எண்ணி, அளந்து, வரைந்து எழுதுவதையா சோம்பேறித்தனம் என்கிறீர்கள்?

ஓடு ஏமாற்றவும் செய்யும் என்பது உண்மை. வெற்று ஓடுகளுக்குள் குடியேறும் துறவி நண்டு அதைச் சுமந்து வேறு ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். காலாபகஸ் தீவுகளருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்து 1981 இல் பெயர் சூட்டப்பட்ட நியோம்ஃபாலஸ் என்ற நத்தை, ஓட்டைப் பார்த்தால் கரையோரத்துக் குல்லாய் நத்தைகளின் உறவினர்போல் இருந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் முற்றிலும் வேறு கிளை என்று புரிந்தது. இவ்வளவு தூரம் போவானேன், நம் சோலைகளில் மழைக்காலத்தில் ஊரும் இந்த்ரெல்லா என்ற நில நத்தையின் உடல் இரத்தச் சிவப்பாக இருக்கும், சிலவற்றில் மஞ்சளாகவும் இருக்கும். அதன் மெல்லிய பழுப்பு ஓட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. ஆகவே ஓட்டிலிருந்து எழுதுபவர், உடலைத் தாம் காணவில்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். நல்லவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் குன்னூரில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஓர் ஓட்டைக் கொடுத்து, பெயரைக் கேட்காமல் ஒரு பக்கம் எழுது என்பார். பிறகு அதை அதே போன்ற பத்துப் பதினைந்து ஓடுகளோடு தட்டில் கலந்துவிட்டு, சமையலறையில் இருக்கும் தம் மனைவியை அழைப்பார். நத்தைகளில் எந்த நாட்டமும் இல்லாத அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தாளைப் படித்து, உரிய ஓட்டை எடுத்துத் தர வேண்டும். 'அழகான', 'சற்றே பெரிய' போன்ற சொற்கள் வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாயின் உயரம் மொத்த உயரத்தில் எத்தனை பங்கு, கடைசிச் சுற்றில் எத்தனை விலாக்கள், வளர்ச்சிக் கோடுகள் மேல்விளிம்புக்குக் கீழே எந்தப் பக்கம் வளைகின்றன என்று எழுதினால் தயங்காமல் எடுப்பார். நான் அறிந்த அறிவியல் கல்வியில் அதற்கு இணையானது வேறில்லை.

மரபணுவைப் பற்றி ஒன்றே ஒன்று. ஓர் இனத்தின் பெயர் எந்த மாதிரியை முன்வைத்துச் சூட்டப்பட்டதோ அந்த மாதிரியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய இனங்களில் பலவற்றுக்கு அந்த மாதிரி ஒரு காய்ந்த ஓடு. இன்று உங்கள் சோதனைக் குழாயில் இருக்கும் உயிரும் அந்த ஓட்டின் சொந்தக்காரரும் ஒன்றுதானா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? பயன் என்ன என்று இனிக் கேட்காதீர்கள். இந்தியப் பெருங்கடலின் செதில்கால் நத்தை 2001 இல் கண்டெடுக்கப்பட்டு, 2015 இல்தான் முறைப்படி விவரிக்கப்பட்டது. அப்படி விவரிக்கப்பட்ட பிறகே, ஆழ்கடல் சுரங்கத்தால் அழியக்கூடியது என்று, அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் உலகச் செம்பட்டியலில் 2019 இல் ஏறியது.

உங்கள் மகள் தாராளமாக ஆராயலாம். பெடோம், பிளான்ஃபோர்டு போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர்கள் நத்தைகளைத் தேடிய மலைகள் இவை. புளிப்பேறிய, சுண்ணாம்பு குறைந்த மண் ஆதலால் இங்கே ஓடுகள் மெலிந்திருக்கும், விரைவில் கரைந்தும் போகும். ஆழ்கடலிலும் ஓடுகள் கரைகின்றன என்பதால் அரிபட்ட நுனியைப் படிக்கும் பயிற்சி இரண்டுக்கும் உதவும். வனத்துறையின் அனுமதி இல்லாமல் சோலைக்குள் எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டு வேலியோரத்தில் கிடக்கும் வெற்று ஓடு ஒன்றைப் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதட்டும். அதைப் படித்துவிட்டுத் தட்டிலிருந்து ஓட்டை எடுக்க வேண்டியவர் நீங்கள்.