துலிப் தொட்டியைத் தாழ்வாரத்தில் வைக்கலாமா?

வணக்கம். சீனப் புத்தாண்டுக்காக வாங்கிய துலிப் தொட்டியை, மழையில் சிங்கப்பூரே குளிர்ந்து கிடக்கும் இப்போதே வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

நம்மைப் போர்வை தேட வைக்கும் 22, 23 டிகிரி துலிப்புக்குக் குளிரே இல்லை. பூ விடுவதற்கு முன் அதன் கிழங்கு 9 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய மூன்று மாதம் உறங்க வேண்டும். கடைக்கு வரும் தொட்டி அந்த உறக்கத்தை முடித்துவிட்டுத்தான் வருகிறது. இனி சூடு குறையக் குறையப் பூ கூடுதல் நாள் நிற்கும், அவ்வளவுதான். (ஐரோப்பாவில் கவலையே வேறு. கடையின் வெதுவெதுப்பில் வளர்ந்த செடி உறைபனியில் கருகாமலிருக்க, ஒரு வாரம் பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குவார்கள்.)

நானும் ஒருமுறை எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் சிவப்புத் துலிப் வைத்தேன். காலையில் முட்டைபோல மூடியிருந்த மொட்டு, பிற்பகல் வெயில் பட்டதும் தட்டுப்போல மல்லாந்துவிட்டது. மூன்றாம் நாள் தரையெல்லாம் இதழ். மனசே ஆறவில்லை.

அதனால் நேர்வெயில் படாத சன்னலோரம் வையுங்கள். இரவில் ஏர்கான் அறைக்குள் கொண்டுபோங்கள். விரலால் தொட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அடித்தட்டில் நீர் தேங்கவே கூடாது. கிழங்கும் அழுகும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

அப்புறம், பூ முடிந்தபின் அந்தக் கிழங்கு நம் வெக்கையில் தானாக மறுபடி பூக்காது. தாழ்வாரத்துக்குப் பூ வேண்டுமென்றால், வெயில் வரும் பக்கமாகக் காகிதப்பூச் செடி (பூகன்வில்லா) வையுங்கள்.