சுட்ட ஆப்பிள்: டில்லிக் குளிருக்கு ஒரு கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் ஊரில் அடைமழை. டில்லியில் மழைக்கு எங்கே போவது? மின்விசிறியை நிறுத்துகிறோம், பெட்டிக்குள் கிடந்த ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, எடுத்து மொட்டைமாடி வெயிலில் போடுகிறோம், தெருமுனையில் தள்ளுவண்டி நிறைய ஆப்பிள் வந்து நிற்கிறது. போன ஞாயிறு நம் தமிழ் ஆட்கள் கூடிய வீட்டில் ஆப்பிளை முழுசாக ஓவனில் சுட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரியிலிருந்து ஒரே கேள்விதான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எல்லாருக்குமாக இங்கே. நான் சமையல் கல்லூரிக்குப் போனவள் இல்லை. மயூர் விஹாரில் 20 வருடமாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன், அதுதான் என் தகுதி.

அக்கா, அளவு, நேரம் எல்லாம் முதலில் சொல்லிவிடுங்கள். என்னிடம் சின்ன ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) இருக்கிறது. (துவாரகா)

நாலு பேருக்கு நடுத்தர அளவில் நாலு ஆப்பிள், ஒவ்வொன்றும் 180 முதல் 200 கிராம். வெண்ணெய் 30 கிராம், நாட்டுச் சர்க்கரை 4 மேசைக்கரண்டி, ஒரு பிடி உலர்ந்த திராட்சை, உடைத்த அக்ரூட் ஒரு பிடி, பட்டைப் பொடி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பை எடுத்துக் கொடுப்பது அதுதான்.

ஆப்பிளின் காம்புப் பக்கமிருந்து சிறு கத்தியால் வட்டமாக வெட்டி, டீஸ்பூனால் விதைப்பகுதியைத் தோண்டி எடுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் சதை இருக்கட்டும். குழிக்குள் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காது. பிறகு ஆப்பிளின் இடுப்பைச் சுற்றி, ஒட்டியாணம் போட்ட மாதிரி, கத்தி நுனியால் தோலை மட்டும் ஒரு கீறல் கீறுங்கள். சர்க்கரை, திராட்சை, அக்ரூட், பட்டை, உப்பு எல்லாவற்றையும் கொஞ்சம் வெண்ணெயோடு கலந்து உள்ளே திணித்து, மேலே மீதி வெண்ணெயை வைத்து, பாத்திரத்தின் அடியில் நாலைந்து கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள்.

ஓ.டி.ஜி.யை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி 180 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். 40 முதல் 50 நிமிடம். நடுவில் இரண்டு தடவை கதவைத் திறந்து, அடியில் சேர்ந்த பாகை எடுத்து ஆப்பிள் தலையில் ஊற்றுங்கள். மெல்லிய கத்தி தடையில்லாமல் இறங்கினால் வெந்தாயிற்று. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டே சாப்பிட வேண்டும். அந்தப் பாகு நாக்கில் பட்டால் ஒரு வாரத்துக்கு மறக்காது.

எந்த ஆப்பிள்? நான் நல்ல சிவப்பு ஆப்பிளாகப் பொறுக்கி வாங்கினேன். வெந்ததும் மாவு மாதிரி, ருசியே இல்லை. (லக்ஷ்மி நகர்)

மொத்தக் கேள்விகளில் முக்கியமானது இதுதான். பூரணத்துக்கு என்ன போடுவது என்று பத்துப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஆப்பிளைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வாங்கியது டெலிஷியஸ் வகையாக இருக்கும். சுருங்கிய இடுப்பு, அடியில் ஐந்து முட்டு, கருஞ்சிவப்புத் தோல், சரியா? நம் நாட்டில் ஆப்பிள் என்றாலே அந்த முகம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லாவுக்கு மேலே கோட்கட் பக்கம் வந்து தங்கி, 1916 வாக்கில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் இங்கே வைத்தவை புளிப்பு வகைகள். நம் நாக்குக்குத் தித்திப்புதான் பிடித்தது, மலை முழுக்க டெலிஷியஸ் ஆகிவிட்டது. ஸ்டோக்ஸ் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார், பின்னாளில் இந்து மதத்துக்கு மாறிச் சத்யானந்த் ஆனார்.

அந்த ஆப்பிள் கடித்துத் தின்ன நன்றாக இருக்கும். சூட்டில் வைத்தால் தோற்றுப்போகும். புளிப்பு குறைவு, தோல் தடிப்பு, வெந்ததும் சதை மாவாகிவிடும். சுடுவதற்குப் புளிப்பும் இறுக்கமும் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பச்சை நிற கிரானி ஸ்மித் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், விலைதான் கொஞ்சம் கடிக்கும். கோல்டன் டெலிஷியஸ் என்ற மஞ்சள் ஆப்பிள் பெயரில்தான் சொந்தம், குணம் வேறு. வெந்தாலும் உருவம் குலையாது. புளிப்பு மட்டும் போதாது, அரை எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும்.

என் ஓட்டு காஷ்மீரத்து மகாராஜிக்கு. ஐப்பசிக் கடைசியில் வரும், ஒரு கன்னம் பச்சையும் ஒரு கன்னம் சிவப்புமாக, தோலில் வெள்ளைப் புள்ளிகளோடு. சாறும் புளிப்பும் நிறைய. வண்டிக்காரரிடம் ‘பய்யா, கட்டா சேப் ஹை?’ என்று கேளுங்கள். புளிப்பு ஆப்பிள் கேட்கும் வாடிக்கையாளரை விநோதமாகப் பார்த்துவிட்டு, அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பல சமயம் விலையும் குறைவாக இருக்கும்.

இன்னொன்று. இந்தப் பண்டத்தை அக்டோபர், நவம்பரில் செய்யுங்கள். மார்ச்சில் வருவது குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த பழம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் தெரிந்துவிடும்.

ஓவனுக்குள்ளேயே வெடித்துவிட்டது. வெல்லம் எல்லாம் தட்டில் ஓடிக் கருகிப்போனது. (ரோகிணி)

வருக, என் முதல் ஆப்பிளும் இப்படித்தான். நான் வேகவேகமாக அடிவரை குடைந்துவிட்டேன். கலவை மொத்தமும் கீழே இறங்கித் தட்டில் பிசின் மாதிரி பிடித்தது. மறுநாள் காலை பூராவும் சமையல் சோடாவும் வெந்நீருமாகத் தேய்த்தேன். வந்திருந்த நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

வெடிப்பதற்குக் காரணம் ஆவி. ஆப்பிளில் பெரும்பகுதி தண்ணீர்தான். உள்ளே அது ஆவியாகும்போது தோல் வழிவிடாவிட்டால், மெலிந்த இடத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த ஒட்டியாணக் கீறல் அதற்காகத்தான். தோல் அழகாக அந்த இடத்தில் பிரியும், மற்ற இடம் முழுசாக நிற்கும். 220 டிகிரி வைத்து அவசரப்படுத்துவதும் தப்பு. தோல் கருகும், நடு வேகாது.

தப்பித் தவறி அடி ஓட்டையாகிவிட்டால், வெட்டி எடுத்த ஆப்பிள் துண்டு ஒன்றையே உள்ளே தள்ளி அடைத்துவிடுங்கள்.

அக்கா, நான் முனிர்காவில் பி.ஜி. அறையில் இருக்கிறேன். ஓவன் கிடையாது. ஒரு அடுப்பு, ஒரு கடாய். வழி உண்டா?

உண்டு தம்பி. உன் கடாய் கனமானதாகவும் மூடி சரியாக உட்காருவதாகவும் இருந்தால் போதும். ஆப்பிளை முழுசாக வைக்காமல் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவைத் தோண்டிக்கொள். கடாயில் வெண்ணெய் போட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து மூன்று நான்கு நிமிடம் சிவக்கவிடு. திருப்பிப்போட்டு, குழியில் வெல்லமும் திராட்சையும் வைத்து, ஓரமாக மூன்று கரண்டி தண்ணீர் ஊற்றி மூடி, மிகச் சின்னத் தீயில் 20 நிமிடம். தண்ணீர் வற்றினால் ஒரு கரண்டி சேர். ஓவன் ருசியில் முக்கால் பங்கு வந்துவிடும்.

இட்லிப் பானையில் வைக்கலாமா என்று உன் அறைத் தோழன் கேட்டதற்கு: வேகும், ஆனால் அது வெந்த ஆப்பிள். சிவந்த வாசனை வராது.

மைக்ரோவேவில்? (நொய்டா)

ஒரு ஆப்பிள், தளர்வாக மூடி, மூன்றரை முதல் ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம் ஓய்வு. பசிக்கு ஆகும், விருந்தாளிக்கு ஆகாது. சூடான காற்றில் சுடும் கன்வெக்ஷன் வசதி இருந்தால் ஓவன் முறையிலேயே செய்யுங்கள்.

நல்ல ஆப்பிளை ஏனம்மா வேகவைத்துக் கெடுக்க வேண்டும்? காய்ச்சல்காரன் சாப்பாடு மாதிரி இருக்கிறதே. (சரோஜினி நகர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பெயர் வேண்டாம் என்றாலும் யார் என்று தெரிகிறது மாமா, ஞாயிற்றுக்கிழமை இரண்டு எடுத்துக்கொண்டது நீங்கள்தான்.

எனக்கு 71 வயது, சர்க்கரை வியாதி. இதைச் சாப்பிடலாமா? (ஆர்.கே. புரம்)

ஐயா, வெல்லம் போடவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நடுத்தர ஆப்பிள் ஒன்றிலேயே 19 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. திராட்சை போட்டால் அது தனிக் கணக்கு. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் உடம்புக்குச் சர்க்கரையேதான், பெயர் மாறினால் குணம் மாறாது. உங்களுக்குச் செய்தால் நான் அக்ரூட், பட்டை, கொஞ்சம் வெண்ணெய் மட்டும் வைத்து, தோலோடு பாதி ஆப்பிள் தருவேன். சாப்பாட்டுக்கு மேல் இதையும் சேர்க்காமல், சாதத்தில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். அளவை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாமியார் முட்டை சேர்த்த எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். தீபாவளிக்கு வந்த டிரை ஃப்ரூட் டப்பாக்கள் வேறு அடுக்கிக் கிடக்கின்றன. (கரோல் பாக்)

இதில் முட்டையும் கிடையாது, மைதாவும் கிடையாது. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். டில்லி தீபாவளியில் ஒரே முந்திரி டப்பா நாலு வீடு சுற்றி நம்மிடமே திரும்பி வருவது தெரிந்த விஷயம். அதைக் கரைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பாதாம், பிஸ்தா, அத்திப்பழம் எதுவானாலும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். திராட்சையை மட்டும் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து உள்ளே தள்ளுங்கள். மேலே தெரிந்தால் கரியாகி கசக்கும்.

மாமியாரை ஒரேயடியாக வளைக்க வேண்டுமானால் கொழுக்கட்டைப் பூரணத்தை வையுங்கள். தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் கிளறி, கொஞ்சம் சுக்குப்பொடி சேர்த்து, வெண்ணெய்க்குப் பதில் நெய். புளிப்பு ஆப்பிளுக்குள் அந்தப் பூரணம் வெந்து வரும்போது வீடே மணக்கும். கார்த்திகைக்குப் புது குட், அதாவது புது வெல்லம், கடைகளில் வந்துவிடும், அதில் செய்தால் இன்னும் விசேஷம்.

ஒன்பது மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? (ஜனக்புரி)

வெந்த சதையை மட்டும் கரண்டியால் வழித்து, மசித்து, ஆறவைத்துத் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை வேண்டாம். கொட்டைப் பருப்புத் துண்டுகளும் திராட்சையும் தொண்டையில் சிக்கும், வேண்டவே வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, சூடாக்கிய தேனும்தான். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும். பாட்டிமார் சொன்னாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோலில் மெழுகு பூசியிருக்கிறார்களே, தோலோடு சுடலாமா? (வசந்த் குஞ்ச்)

ஆப்பிள் மரத்திலேயே தனக்கொரு மெழுகைப் பூசிக்கொள்ளும் பழம். கழுவும்போது அது போவதால், கடைக்கு வருவதில் சிலவற்றுக்கு உண்ணத்தகுந்த மெழுகை மேலே பூசுகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்தால் போதும். தோலை உரித்துவிட்டால் ஆப்பிள் நிற்காது, தட்டில் உட்கார்ந்துவிடும்.

பட்டைப் பொடி ஒரு மாதிரி காரமாக அடிக்கிறது. (குருகிராம்)

கடையில் தால்சீனி என்று கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்ற வேறு வகை. அதற்குக் காரம் அதிகம், அளவைப் பாதியாக்குங்கள். காகிதச் சுருள் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதுதான் இலங்கைப் பட்டை, மென்மையானது. ஊருக்குப் போகும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மகன் மியூனிக்கில் இருக்கிறான். அங்கே டிசம்பரில் இதையேதான் சாப்பிட்டேன், உள்ளே ஏதோ பாதாம் பிசைந்த மாதிரி. (மயூர் விஹார், என் அடுத்த பிளாக்)

அது பிராட்ஆப்ஃபெல். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் நாட்களின் பண்டம். உள்ளே வைப்பது மார்சிபான், அதாவது பாதாம் பொடியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தது. நம் முந்திரிக் கேக்குக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. பர்ஃபிக் கடையில் பாதாம் பர்ஃபி வாங்கி உதிர்த்து உள்ளே திணியுங்கள், மகனுக்கே வித்தியாசம் தெரியாது. மேலே வெனிலா கஸ்டர்டு ஊற்றுவார்கள். நான் சுண்டக் காய்ச்சிய பாலோ, மெல்லியதாக ரபடியோ ஊற்றுவேன். குளிரக்குளிர ஊற்ற வேண்டும்.

மிச்சமானால்? (துவாரகா, முதல் கேள்வி கேட்டவரின் தங்கை)

மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டிருந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனுக்குள் தள்ளாதீர்கள், விரிசல் விடும். காலையில் ஓட்ஸில் மசித்துப் போடலாம். எங்கள் வீட்டில் அது ரவா கேசரிக்குத்தான் போகும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, ரவை வெந்ததும் ஆப்பிள் மசியலைக் கொட்டிக் கிளறி இறக்கினால், அன்னாசி கேசரி கேட்கும் என் பையனே பேசாமல் சாப்பிடுகிறான். தட்டில் ஒட்டிய பாகையும் வழித்துச் சேர்த்துவிடுங்கள், அதை யாராவது கழுவி ஊற்றுவார்களா?