எஸ்டோனியக் கிராமத்தில் புகை சானாவுக்குக் கூப்பிட்டால் போகலாமா? மூச்சு முட்டாதா?

தாராளமாகப் போங்கள். சானா என்பது சூடேற்றிய கற்களின் வெப்பத்திலும் ஆவியிலும் உட்கார்ந்து குளிக்கும் மர அறை. குளிக்கும் நேரத்தில் உள்ளே புகை இருக்கக் கூடாது. கண் கரித்தால் அந்த சானாவை இன்னும் ஆற விடவில்லை என்று பொருள்.

தென்கிழக்கே வோரு வட்டாரத்தில், 318 மீட்டர் உயர சூர் முனமாகி குன்றைச் சுற்றியுள்ள ஹான்யா பகுதியில் வீடுகள் தெருவாக இருக்காது. காடும் புல்வெளியுமாகத் தள்ளித் தள்ளிக் கிடக்கும். பண்ணை வீட்டிலிருந்து விலகி, குளத்தை ஒட்டி ஒரு மரக்குடில் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் சானா. தீப்பிடித்தாலும் வீடு தப்பும், தண்ணீரும் பக்கத்திலேயே. வோரு வட்டாரத்தின் இந்தப் புகை சானா வழக்கத்தை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. மேலே குவித்த கற்களின் இடுக்கு வழியே புகை அறைக்குள் வந்து, கதவு வழியாகவும் சுவர்த் துளை வழியாகவும் வெளியேறும். விரிசல் இல்லாத கருங்கல்தான் வேண்டும். சுண்ணாம்புக்கல் சூட்டில் நீறிப்போகும். விறகுக்குக் காய்ந்த ஆல்டர் மரம் நல்லது. பைன் மரத்தின் பிசினும் பிர்ச் மரத்தின் பட்டையும் கரியை அள்ளிக் கொட்டும். சூடேற்ற அரை நாள்கூட ஆகும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். தழல் கிடக்கும்வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் தழல் முழுக்க அணைய வேண்டும், அல்லது அதை வெளியே அள்ளிவிட வேண்டும். பிறகு கதவைத் திறந்தபடியே கல்லில் தண்ணீர் ஊற்றினால், எழும் ஆவி மிச்சப் புகையையும் சாம்பலையும் தள்ளிக்கொண்டு போகும். பலகைகளைக் கழுவி, கதவைச் சாத்தி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். விருந்தாளி வந்துவிட்டாரே என்று அவசரப்பட்டு இதைச் சுருக்குவதுதான் பெரிய தவறு. உள்ளே தலைவலியோ குமட்டலோ வந்தால் வெப்பம்தான் காரணம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். எல்லோரும் வெளியேறி 112-ஐ அழையுங்கள்.

ஒழுங்காக ஆறிய சானாவின் வெப்பம் மிக மென்மையானது. உடம்பில் தட்டிக்கொள்ள பிர்ச் இலைக்கொத்து தருவார்கள். காய்ந்த கொத்தானால் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். கொதிநீரில் போட்டால் இலை உதிரும். சுவரெல்லாம் கரி, சாயாதீர்கள். வெள்ளைத் துண்டும் வேண்டாம்.