மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றினால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமிக்கு மருந்தே கேட்காது என்கிறார்களே, நோயாளியின் கதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் இறந்துவிடுவதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் சேர்ந்தது ஒரு நோய்க்கு, படுத்துவது வேறொன்று. வழக்கமான மருந்துகள் கைவிட்டால் கொலிஸ்டின் போன்ற பழைய மருந்தை எடுப்பார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தனி அறை வேறு. பக்கத்தில் வருகிறவர்கள் கையுறையும் கவுனுமாக வருவார்கள். சில நாள் என்று நினைத்த படுக்கை வாரக்கணக்கில் நீளும். இந்தியாவில் அந்த பில் பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான்.

மோசமான நிலைக்கு ஒரு உதாரணம்: 2016இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெண் இறந்தார். இந்தியாவில் தொடை எலும்பு முறிந்து பலமுறை மருத்துவமனையில் இருந்தவர். அவரைத் தாக்கிய கிளெப்சியெல்லா கிருமியிடம் அமெரிக்காவில் சோதித்த 26 ஆன்டிபயாடிக்குகளும் தோற்றன. ஃபாஸ்ஃபோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் அது அடங்கலாம் என்று ஆய்வகத்தில் தெரிந்தது. ஆனால் அதை நரம்பில் ஏற்றும் வடிவத்துக்கு அப்போது அங்கே அனுமதியே இருக்கவில்லை.